சம்பளம் நின்று பில் தொடங்கும்போது: குமரி மாவட்டத்தில் கான்ட்ராக்டில் வேலை செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் பக்கத்துக் கழக்கூட்டத்துக்கு எட்டு வருடம் போய்வந்தேன். விடியக்காலை ரயில், ராத்திரி வீடு. ஒருநாள் கம்பெனியில் கூப்பிட்டு, “இனி உங்களை கன்சல்டன்டாக எடுத்துக்கொள்கிறோம். வீட்டிலிருந்தே செய்யலாம், தொகையும் கூட்டித் தருகிறோம்” என்றார்கள். அதே லேப்டாப், அதே டீம், அதே திங்கட்கிழமை மீட்டிங். மாறியது ஒன்றுதான். மாதக் கடைசியில் சம்பளச் சீட்டு வருவதற்குப் பதில் நான் ஒரு பில் அனுப்ப வேண்டியிருந்தது. முதல் பில்லுக்குப் பணம் வந்தபோது பத்து சதவீதம் குறைந்திருந்தது. பக்கத்து வீட்டு மாமாவிடம் சொன்னேன். “பத்து பெர்சென்ட் பிடிச்சாச்சுல்லா மக்கா, இனி வரிக்கு ஒண்ணும் கிடையாது” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்தை நம்பிப் பணத்தை விட்டவர்களும் உண்டு, நோட்டீஸ் வாங்கியவர்களும் உண்டு. டிடிஎஸ் (பணம் தருகிறவர் உங்கள் தொகையிலிருந்து முன்பே பிடித்துக் கட்டும் வரி) வேறு, உங்கள் வரி வேறு. பிடித்த தொகை உங்கள் பேரில் அரசிடம் கிடக்கும் முன்பணம், அவ்வளவுதான். அது உங்கள் வரியைவிடக் கூடுதலாகவும் இருக்கும், குறைவாகவும் இருக்கும், சில சமயம் உங்கள் கணக்குக்கே போய்ச் சேராமலும் இருக்கும்.

கீழே வரும் தொகைகளும் வரம்புகளும் 2025-26 நிதியாண்டுக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் வருமான வரிச் சட்டம் 2025 வருகிறது. அதில் பிரிவு எண்கள் மாறுகின்றன. ஆனால் ஆடிட்டர் ஆபீஸ்களில் இன்னும் சில வருடம் 44ஏடிஏ, 194ஜே என்றுதான் பேசுவார்கள். அதனால் நானும் பழைய எண்களையே சொல்கிறேன்.

1. கையெழுத்துப் போடும் முன்: நீங்கள் கான்ட்ராக்டரா, பேர் மாற்றிய ஊழியரா?

ஒப்பந்தத்தில் ‘கன்சல்டன்ட்’ என்று எழுதிவிட்டால் மட்டும் கன்சல்டன்ட் ஆகிவிட முடியாது. எப்படி வேலை செய்வது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், நேரத்தை யார் குறிக்கிறார்கள், லீவுக்கு அனுமதி கேட்க வேண்டுமா, வேறு ஆளுக்கு வேலை செய்யத் தடை உண்டா, கருவி யாருடையது என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். எல்லாமே கம்பெனி கையில் என்றால், அந்தத் தொகையைச் சம்பளமாகவே கருத வரித்துறைக்கு இடம் இருக்கிறது. அப்படி ஆனால், பின்னால் சொல்லப்போகும் பாதி வருமானச் சலுகை போய்விடும்.

ஆகவே ஒப்பந்தத்தில், வேலையை முடித்துக் கொடுப்பதுதான் உங்கள் பொறுப்பு என்பது தெளிவாக இருக்கட்டும். மற்ற கிளையன்ட்களுக்கும் வேலை செய்யலாம் என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். பில்லில் ‘மே மாதச் சம்பளம்’ என்று எழுதாதீர்கள். ‘மே மாதம் செய்த மென்பொருள் சோதனைப் பணிக்கான கட்டணம்’ என்று எழுதுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பின்னால் யாராவது கேட்டால் எடுத்துக் காட்ட இருக்கும் தாள் அதுதான்.

ஒப்பந்தத்தில் வேறு என்ன பார்ப்பது? பில் அனுப்பி எத்தனை நாளில் பணம், நிறுத்த வேண்டுமானால் இரு பக்கமும் எத்தனை நாள் முன்னறிவிப்பு, தொகை ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்ற மூன்றும் கட்டாயம். கடைசியில் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ‘ஜிஎஸ்டி பொருந்தினால் தனி’ என்ற சொல் இல்லாமல் போனால், நாளை பதிவு எடுக்கும்போது அந்த 18 சதவீதம் உங்கள் கையிலிருந்துதான் போகும். நஷ்டஈடு பற்றிய பத்தியை இரண்டு தடவை படியுங்கள். மாதம் 70,000 வாங்குகிறவர் எல்லையில்லாத பொறுப்புக்குக் கையெழுத்துப் போடக் கூடாது. ஒப்பந்தம் முடிந்தபின் இரண்டு வருடம் போட்டிக் கம்பெனிக்கு வேலை செய்யக் கூடாது என்ற மிரட்டல் பத்தியும் இருக்கும். தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்று இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872-இன் 27-ஆவது பிரிவு சொல்கிறது. அதற்காக அவர்கள் ரகசியத் தகவலை வெளியே சொல்லலாம் என்று அர்த்தம் இல்லை.

2. எவ்வளவு கேட்பது?

சம்பளச் சீட்டில் மொத்தம் 60,000, அதில் அடிப்படைச் சம்பளம் 30,000 என்று வையுங்கள். கம்பெனி தன் பங்காகத் தனியாகக் கட்டிய பிஎஃப் 3,600. கிராஜுவிட்டிக்கு மாதம் சுமார் 1,440 ஒதுங்கியிருக்கும். வருடத்துக்கு ஒரு மாத அளவு சம்பளத்துடன் லீவு என்றால் மாதத்துக்கு 5,000. இதுவே பத்தாயிரம் ஆகிவிட்டது. அப்புறம் குடும்பத்துக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ், இரண்டு இன்டர்நெட், இன்வெர்ட்டர் பேட்டரி. இரண்டு மழையும் பெய்கிற ஊர் இது. ஜூனிலும் கரண்ட் போகும், அக்டோபரிலும் போகும். “எங்க ஊரில் மழை” என்பதை கிளையன்ட் ஒரு தடவை கேட்பார், இரண்டாவது தடவை கேட்க மாட்டார். ஆக, 60,000 சம்பளத்துக்கு 75,000 பில் என்பது உயர்வே இல்லை, சமம்தான். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தப்படலாம் என்ற ஆபத்துக்கும் விலை உண்டு. 85,000-க்குக் கீழே நான் இறங்க மாட்டேன்.

நாள் கணக்கில் பில் போடுகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். கோட்டாறு சவேரியார் திருவிழாவும் மண்டைக்காடு கொடையும் இனி உங்கள் பில்லில் விழும் வெட்டு. திருவனந்தபுரம் கிளையன்ட் ஓணத்துக்கு ஒரு வாரம் அடைத்தால் அந்த வாரமும் அப்படித்தான். வருடத்துக்கு 52 வாரம் என்று போட்டு ஏமாறாமல் 44 அல்லது 45 வாரம் என்று கணக்கிட்டு நாள் கூலியைச் சொல்லுங்கள்.

3. கணக்கைப் பிரித்து வையுங்கள்

தொழில் பணம் வருவதற்கு ஒரு வங்கிக் கணக்கு, வீட்டுச் செலவுக்கு ஒன்று, வரிக்கு ஒன்று. வரிக் கணக்கு கோயில் உண்டியல் மாதிரி: போடலாம், கை விட்டு எடுக்கக் கூடாது. வரும் ஒவ்வொரு தொகையிலும் எவ்வளவு அங்கே போக வேண்டும் என்பது கீழே ஐந்தாவது பகுதியைப் படித்தால் தெரியும்.

கடையில் வாங்கும் பில் புத்தகம் தேவையில்லை. ஒரு எக்செல் தாள் போதும். வரிசை எண், தேதி, உங்கள் பெயர், முகவரி, பான், கிளையன்டின் பெயர், செய்த வேலை, தொகை, வங்கி விவரம் எல்லாம் இருக்கட்டும். வரிசை எண் நடுவில் விட்டுப்போகக் கூடாது.

4. டிடிஎஸ்: 10, 2, 1

தொழில்முறைச் சேவைக்கு 194ஜே பிரிவில் 10 சதவீதம். அதே பிரிவில் தொழில்நுட்பச் சேவை என்று வகைப்படுத்தினால் 2 சதவீதம். ஒரு கிளையன்ட் வருடத்தில் தரும் தொகை 50,000-ஐத் தாண்டினால்தான் பிடிப்பார்கள். இந்த வரம்பு 2025 மார்ச் வரை 30,000 ஆக இருந்தது. கொத்தனார் கான்ட்ராக்ட், பெயின்டிங், வண்டி வாடகை, ரப்பர் தோட்டத்தில் வேலையைக் குத்தகையாக எடுப்பது போன்றவை 194சி. அதில் தனிநபருக்கு 1 சதவீதம்தான். ஒரே பில் 30,000-ஐத் தாண்டினால், அல்லது வருட மொத்தம் ஒரு லட்சத்தைத் தாண்டினால் பிடிப்பு. பான் கொடுக்காவிட்டால் எதுவானாலும் 20 சதவீதம்.

பில்லில் ஜிஎஸ்டியைத் தனி வரியாகக் காட்டியிருந்தால் டிடிஎஸ் அடிப்படைத் தொகைக்கு மட்டும்தான். மொத்தத்துக்கும் பிடித்திருந்தால் கேளுங்கள்.

என் கதையைச் சொல்கிறேன். முதல் வருடம் ஒரு கிளையன்ட் மாதாமாதம் சரியாகப் பிடித்தார்கள். ரிட்டர்ன் போடும்போது, என் பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் தாளைத் திறந்தால் இரண்டு காலாண்டு காலியாக இருக்கிறது. போன் போட்டேன். “சேட்டா, எல்லாம் ஃபைல் பண்ணியாச்சு” என்றார் கணக்குப் பிரிவில் இருந்தவர். மறுபடி பார்த்தேன், இல்லை. மூன்றாவது போனில், அவர் அனுப்பியதையே எனக்கு அனுப்பச் சொன்னேன். என் பான் எண் இருக்க வேண்டிய இடத்தில் வேறொருவருடைய பான் எண் இருந்தது. என் பணம் அவர் கணக்கில். திருத்த அறிக்கை போட்டு அது எனக்கு வந்து சேர மூன்று மாதம் ஆனது.

அதிலிருந்து காலாண்டுக்கு ஒருமுறை பார்க்கிறேன். பிடித்தவர்கள் அறிக்கை போட வேண்டிய தேதிகள்: ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. ஒவ்வொன்றுக்கும் பத்துப் பதினைந்து நாள் கழித்து வருமான வரித் தளத்தில் போய் 26ஏஎஸ்ஸையும், உங்கள் வருடப் பணப் பரிவர்த்தனைகளைக் காட்டும் ஏஐஎஸ் அறிக்கையையும் பார்த்துவிடுங்கள். பிடித்ததற்குச் சான்றாக 16ஏ படிவமும் கேட்டு வாங்குங்கள். பிடித்தவர் கட்டாமல் விட்டால் அந்தத் தொகையை உங்களிடம் மறுபடி கேட்க முடியாது என்று சட்டத்தின் 205-ஆவது பிரிவு சொல்கிறது. சட்டம் அப்படிச் சொன்னாலும், ரீஃபண்ட் வர வேண்டியவருக்கு அந்தப் பதிவு இல்லாமல் பணம் வராது.

5. உண்மையான வரி எவ்வளவு?

இதுதான் முழு வழிகாட்டியின் நடுத்தண்டு. நிதானமாகப் படியுங்கள்.

44ஏடிஏ என்று ஒரு பிரிவு. குறிப்பிட்ட சில தொழில்காரர்கள் கணக்குப் புத்தகம் வைக்காமல், வந்த தொகையில் பாதியை வருமானம் என்று காட்டலாம். மீதிப் பாதி செலவு என்று சட்டமே ஒத்துக்கொள்கிறது. வருட வரவு 50 லட்சம் வரை, ரொக்கமாக வந்தது ஐந்து சதவீதத்துக்குள் என்றால் 75 லட்சம் வரை. யார் யாருக்கு? சட்டம், மருத்துவம், பொறியியல், கட்டடக் கலை, கணக்கியல், தொழில்நுட்ப ஆலோசனை, உள் அலங்காரம் ஆகியவை பிரிவிலேயே உண்டு. தகவல் தொழில்நுட்பம், திரைக் கலைஞர் போன்றவை அறிவிப்பு மூலம் சேர்ந்தவை. நம்மூரில் வீட்டிலிருந்து கோட் எழுதுகிறவர், கட்டட வரைபடம் போடுகிற இன்ஜினியர், வீட்டுக்கே போய்ச் சிகிச்சை தரும் டாக்டர் எல்லாம் இதில் வருவார்கள்.

மாதம் 70,000 வாங்குகிறவரை எடுத்துக்கொள்வோம். வருடம் 8,40,000. பத்து சதவீதம் பிடித்தால் 84,000. 44ஏடிஏ-யில் வருமானம் 4,20,000. புதிய வரிமுறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. மேலே 20,000-க்கு 5 சதவீதம், அதாவது 1,000. மொத்த வருமானம் 12 லட்சத்துக்குள் என்பதால் 87ஏ தள்ளுபடியில் அதுவும் போய்விடும். வரி பூஜ்யம். 84,000-உம் திரும்பி வர வேண்டிய பணம். “இனி ஒண்ணும் கிடையாது” என்று ரிட்டர்ன் போடாமல் விட்டால் அது வராது. மாமா சொன்னதன் ஒரு பக்கம் இது.

மறுபக்கம்: வெளிநாட்டுக் கிளையன்ட் மட்டும் வைத்திருக்கிற ஒருவர், வருடம் 40 லட்சம். யாரும் டிடிஎஸ் பிடிக்கவில்லை. வருமானம் 20 லட்சம். 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், அது 20,000. 8 முதல் 12 வரை 10 சதவீதம், 40,000. 12 முதல் 16 வரை 15 சதவீதம், 60,000. 16 முதல் 20 வரை 20 சதவீதம், 80,000. ஆக 2,00,000, செஸ் 4 சதவீதம் சேர்த்து 2,08,000. இவர் மாதாமாதம் உண்டியலில் சுமார் 17,500 போட்டிருக்க வேண்டும். போடாதவர் மார்ச்சில் நகையை எடுத்துக்கொண்டு பாங்குக்குப் போவார்.

இதற்கும் மேலே போனால் 24 லட்சம் வரை 25 சதவீதம், அதன்பின் 30 சதவீதம். வருமானம் 12 லட்சத்தைச் சற்றே தாண்டினால் பயப்பட வேண்டாம். தாண்டிய தொகையைவிட வரி கூடிவிடாமல் ஒரு நிவாரணம் இருக்கிறது. சம்பளக்காரருக்குக் கிடைக்கும் 75,000 நிலைக் கழிவு உங்கள் பில் தொகைக்குக் கிடையாது. வருடத்தின் பாதி சம்பளம், பாதி கான்ட்ராக்ட் என்றால், அந்தச் சம்பளப் பகுதிக்கு மட்டும் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை. பாதி என்பது குறைந்தபட்சம். பாதிக்கும் மேலேதான் உண்மை லாபம் என்றால் அதைக் காட்டச் சொல்கிறது சட்டம். பாதிக்குக் குறைவாகக் காட்ட விரும்பினால் கணக்குப் புத்தகம் எழுதி, வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டும்போது தணிக்கையும் செய்ய வேண்டும். லேப்டாப், இன்டர்நெட் செலவையெல்லாம் 44ஏடிஏ-யில் தனியாகக் கழிக்கவும் முடியாது, அவையெல்லாம் அந்தப் பாதிக்குள்ளேயே அடங்கிவிட்டன.

பட்டியலில் இல்லாத தொழில் என்றால்? மொழிபெயர்ப்பு, டிசைன், வீடியோ எடிட்டிங் செய்கிற பிள்ளைகள் நம் ஊரில் நிறைய இருக்கிறார்கள். இவர்களுக்கு 44ஏடிஏ பொருந்துமா என்பதில் ஆடிட்டர்களே இரண்டு பக்கமாகப் பேசுவார்கள். பட்டியலில் பெயர் சொல்லப்படாத தொழிலை வியாபாரமாக எடுத்து 44ஏடி-யில் காட்டுகிறவர்கள் உண்டு. அதில் வங்கி வழி வரவுக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம் குறைந்தபட்ச லாபம், வரம்பு 2 கோடி, ரொக்கம் குறைவென்றால் 3 கோடி. கொத்தனார் கான்ட்ராக்டருக்கு இது சந்தேகமில்லாமல் பொருந்தும். கமிஷன், புரோக்கர் தொழிலுக்குப் பொருந்தாது. கையில் நிற்பது 80 சதவீதமாக இருக்கும்போது ஆறு சதவீதம் என்று எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஏஐஎஸ்ஸில் பங்கும் பிக்சட் டெபாசிட்டும் பளிச்சென்று தெரியும் காலம் இது. இந்த ஒரு கேள்விக்காகவாவது நல்ல ஆடிட்டரிடம் ஒரு தடவை காசு கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

பழைய வரிமுறையா, புதியதா என்ற கேள்விக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். இந்தச் சலுகை பிரிவுகளில் காட்டுகிற பெரும்பாலானோருக்குப் புதியதே லாபம். பெரிய வீட்டுக் கடன் இருந்தால் மட்டும் இரண்டையும் போட்டுப் பாருங்கள். தொழில் வருமானம் உள்ளவர் பழையதற்குப் போக 10-ஐஇஏ படிவம் கொடுக்க வேண்டும். ஒருமுறை திரும்பி வந்தால் மறுபடி போக முடியாது.

6. முன்கூட்டிய வரி

டிடிஎஸ் போக, கட்ட வேண்டியது 10,000 அல்லது அதற்கு மேல் என்றால் வருடம் முடியும் முன்பே கட்ட வேண்டும். 44ஏடிஏ, 44ஏடி ஆட்களுக்கு ஒரே தேதி: மார்ச் 15. மற்றவர்களுக்கு ஜூன் 15-க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15-க்குள் 45, டிசம்பர் 15-க்குள் 75, மார்ச் 15-க்குள் முழுவதும். தவறினால் மாதத்துக்கு ஒரு சதவீதம் என்று வட்டி ஓடும். நெட்பேங்கிங்கில் ஐந்து நிமிட வேலை. செலானைச் சேமித்து வையுங்கள்.

7. ஜிஎஸ்டி: பலர் தேவைக்கு முன்பே எடுப்பது

சேவைத் தொழிலுக்குத் தமிழ்நாட்டில் வரம்பு வருடம் 20 லட்சம். அதற்குள் இருந்தால் பதிவு தேவையில்லை. “கேரளா கிளையன்ட், அதனால் கட்டாயம் எடுக்கணும்” என்று எல்லையோரக் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் எல்லோரும் சொல்வார்கள். பொருள் விற்பவருக்கு அது பொருந்தும். சேவை தருகிறவருக்கு மாநிலம் தாண்டினாலும் 20 லட்சம் வரை விலக்கு 2017 முதலே உண்டு. சில கம்பெனிகள் தங்கள் வசதிக்காக எண் கேட்கும். அது அவர்கள் கொள்கை.

20 லட்சம் என்பது லாபம் அல்ல, மொத்த வரவு. வெளிநாட்டு பில்லும் அதில் சேரும். தாண்டிய 30 நாளுக்குள் பதிவு எடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. நம் பக்கம் வீடு பெரும்பாலும் அப்பா பேரில்தான் இருக்கும். அவர் சம்மதக் கடிதம், வீட்டு வரி ரசீது, கரண்ட் பில் வைத்தால் போதும்.

பதிவுக்குப் பிறகு 18 சதவீதம் சேர்த்து பில். தமிழ்நாட்டுக் கிளையன்ட் என்றால் மத்திய, மாநில ஜிஎஸ்டி 9 வீதம், கேரளக் கிளையன்ட் என்றால் 18-உம் ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டும் விற்பனைக்கான ஜிஎஸ்டி). கிளையன்ட் பதிவு உள்ளவர் என்றால் அவர் திரும்ப எடுத்துக்கொள்வார், முணுமுணுக்க மாட்டார். வெளிநாட்டுச் சேவைக்கு வரி பூஜ்யம், ஆனால் வருடத் தொடக்கத்தில் எல்யூடி என்ற உறுதிமொழிப் படிவத்தைத் தளத்தில் போட்டுவிட வேண்டும். பில் இல்லாத மாதத்துக்கும் ரிட்டர்ன் உண்டு. மறந்தால் நாளுக்கு 20 ரூபாய், பில் இருந்தால் நாளுக்கு 50. ஒரு பையன் பதிவு எடுத்துவிட்டு கிளையன்ட் போனதும் அப்படியே மறந்துபோனான். வருடக் கடைசியில் அபராதத்தைப் பார்த்து அவன் அம்மாதான் முதலில் அழுதார்.

8. துபாய், அமெரிக்கா கிளையன்ட்

“துபாய் கம்பெனிக்கு வேலை செய்கிறேன், அங்கேதான் வரி கிடையாதே” என்று சொல்லாத தெரு இங்கே இல்லை. நீங்கள் மார்த்தாண்டத்தில் உட்கார்ந்து வேலை செய்தால் இந்தியாவில் வசிப்பவர், உலகத்தில் எங்கிருந்து வந்தாலும் இங்கே வரி. கல்ஃபில் இருந்து நிரந்தரமாகத் திரும்பியவர்கள் வெளிநாட்டில் வசித்தபோது வைத்திருந்த பழைய என்ஆர்இ கணக்கிலேயே இந்தப் பணத்தை வாங்கக் கூடாது. அந்தக் கணக்கை உள்நாட்டவர் கணக்காக மாற்றச் சொல்லி வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அமெரிக்கக் கிளையன்ட் டபிள்யூ-8பென் படிவம் கேட்பார். பெயர், முகவரி, பான் போட்டுக் கையெழுத்திட்டு அனுப்புங்கள். வேலை இந்தியாவில் நடப்பதால் அங்கே பிடிக்க வேண்டியதில்லை என்பதற்கு அது ஆதாரம். வேறு நாட்டில் பிடித்துவிட்டால் ரிட்டர்னுடன் படிவம் 67 போட்டுக் கழித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு தொகைக்கும் வங்கியிடம் அந்நியச் செலாவணி வரவுச் சான்று கேளுங்கள். ஜிஎஸ்டி-யில் ஏற்றுமதி என்று நிரூபிக்க வேறு வழி இல்லை.

9. பணம் தராவிட்டால்

முதல் வேலையாக உத்யம் (சிறுதொழில்) பதிவு எடுத்துவிடுங்கள். அரசுத் தளத்தில் இலவசம், ஆதாரும் பானும் போதும். ‘பண்ணித் தருகிறேன்’ என்று இரண்டாயிரம் கேட்கிற கடைகளுக்குப் போக வேண்டாம். சிறுதொழில் வளர்ச்சிச் சட்டம் 2006-இன்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் உங்களுக்குப் பணம் தர வேண்டும். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. போதாததற்கு, வருமான வரியின் 43பி பிரிவில் வந்த மாற்றத்தால், அந்தக் காலக்கெடுவுக்குள் தராத தொகையைக் கொடுக்கும் வரை கம்பெனி தன் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் இதை நினைவூட்டி ஒரு மெயில் போடுங்கள். பில்லின் அடியில் உத்யம் எண் இருந்தாலே கணக்குப் பிரிவில் தாள் வேகமாக நகரும். அதற்கும் மசியாவிட்டால், தாமதமான பில்களுக்கான சிறுதொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார்.

10. இனி கம்பெனி செய்யாதவை

பிஎஃப், இஎஸ்ஐ, கிராஜுவிட்டி எதுவும் இல்லை. கம்பெனி மெடிக்கல் இன்சூரன்ஸ் கடைசி நாளோடு முடியும். அதற்கு முன்பே குடும்பத்துக்கு ஒன்று எடுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் ஓடத் தொடங்கட்டும். தனிநபர் மெடிக்கல், லைஃப் பாலிசி பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி கிடையாது. ஓய்வுக்காலத்துக்கு பிபிஎஃப், என்பிஎஸ். அடல் ஓய்வூதியத்தில் வருமான வரி கட்டுகிறவர்கள் 2022 அக்டோபர் முதல் சேர முடியாது.

வீட்டுக் கடன் வாங்கும் யோசனை இருந்தால் வேலையை விடும் முன் வாங்குங்கள். கான்ட்ராக்டருக்கு வங்கி இரண்டு மூன்று வருட ரிட்டர்ன் கேட்கும். அங்கேதான் 44ஏடிஏ-யின் பாதி வருமானம் உங்களைக் கடிக்கும். எட்டு லட்சம் வரவு என்று நீங்கள் சொல்வீர்கள், ரிட்டர்னில் நாலு லட்சம்தான் என்று மேனேஜர் சொல்வார்.

உள்ளாட்சித் தொழில் வரியும் உண்டு, அரையாண்டுக்கு ஒருமுறை. நாகர்கோவில் என்றால் மாநகராட்சி, இல்லாவிட்டால் உங்கள் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி. வருடத்துக்கு எப்படியும் 2,500-ஐத் தாண்டாது.

11. ரிட்டர்ன் போடுதல்

ஜூன் பாதிக்கு முன் போடாதீர்கள். கடைசிக் காலாண்டு டிடிஎஸ் மே 31-க்குப் பிறகுதான் தெரியத் தொடங்கும். கடைசி நாள் தள்ளிப்போகும் என்று நம்பி இருக்காமல் ஜூலைக்குள் முடித்துவிடுங்கள். தாமதமானால் 5,000 வரை கட்டணம்.

44ஏடிஏ, 44ஏடி என்றால் ஐடிஆர்-4 படிவம், கணக்குப் புத்தகம் எழுதுகிறவருக்கு ஐடிஆர்-3. இங்கே நம் மாவட்டத்துக்கே உரிய ஒரு குழி இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர், நாலு தென்னை, வாழை. உங்கள் பேரில் வரும் விவசாய வருமானம் வருடத்துக்கு 5,000-ஐத் தாண்டினால் ஐடிஆர்-4 போட முடியாது, ஐடிஆர்-3 தான். அந்த வருமானத்துக்கு நேரடியாக வரி இல்லை, ஆனால் மற்ற வருமானத்தின் வரி வீதத்தைக் கணக்கிட அதையும் சேர்ப்பார்கள். குலசேகரத்தில் ஒரு நண்பர் இதைக் கவனிக்காமல் ஐடிஆர்-4 போட்டு, அப்புறம் திருத்திப் போட்டார்.

26ஏஎஸ், ஏஐஎஸ், உங்கள் பில் தாள், வங்கிக் கணக்கு நான்கையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கிளையன்டாக ஒத்துப் பாருங்கள். மார்ச் பில்லுக்கு ஏப்ரலில் பணம் வந்திருந்தால் எந்த வருடம் என்ற குழப்பம் வரும். டிடிஎஸ் எந்த வருடத்தில் காட்டப்பட்டிருக்கிறதோ அதே வருடத்தில் அந்த வரவையும் காட்டினால் சிக்கல் குறைவு. போட்டபின் 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்க்க வேண்டும். இதை மறந்தால் ரிட்டர்ன் போடாததற்குச் சமம். ரீஃபண்ட் வரும் வங்கிக் கணக்கைத் தளத்தில் முன்பே உறுதிப்படுத்தி வையுங்கள், பான் பெயரும் பாஸ்புக் பெயரும் ஒத்துப்போக வேண்டும். தகப்பனார் பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னால், மற்றொன்றில் பின்னால் விரிந்து கிடப்பது நம்மவர்களின் பழைய நோய்.

ஒப்பந்தம், பில், செலான், 16ஏ, வங்கிச் சான்று எல்லாம் வருடத்துக்கு ஒரு ஃபைல். குறைந்தது ஏழெட்டு வருடம் வையுங்கள். நான் ஸ்கேன் செய்து ஒன்று, தாளாக ஒன்று வைத்திருக்கிறேன். தாள் ஃபைல் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. கீழ்த்தட்டில் வைத்திருந்த முதல் வருட ஃபைலை ஒரு ஐப்பசி மழையில் கரையான் பாதி தின்றுவிட்டது.